கோபத்துக்குக் கடிக்கிற மீன்

அண்ணா,

பக்கத்து வீட்டில் இன்று காலையிலேயே ஒரு நாட்டுச் சேவலை அறுத்து வைக்கோல் தீயில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். மயிர் கருகுகிற நாற்றம் ஜன்னல் வழியாக வந்து என் அடுப்படி முழுக்க நிறைந்துவிட்டது. காபிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின வேகத்தில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. "இன்னாக்கா, காலங்காத்தால யார் மேல கோவம்?" என்று அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள். உன்மேல்தான் என்று சொல்லவா முடியும்? செத்துப்போனவன்மேல் கோபப்படுகிறாள் என்று தெருவெல்லாம் பேசுவாள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உன்னைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் எல்லாம் "தங்கமான புள்ள" என்கிறார்கள். கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வடக்குப்பட்டுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் உன்னிடம் அடி வாங்காத ஆள் குறைவு. சில்லறை தராத கண்டக்டர், அம்மாவைப் பார்த்து ஒரு சொல் அதிகமாகப் பேசிய கேன்டீன்காரன், மாதா கோயில் பூசைக்கு வந்த இடத்தில் உன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் என்று எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தவர்கள். செல்போன் கம்பெனியில் என் லைனில் வேலை செய்த மதுரைப் பக்கத்துப் பையன் எனக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை ஒன்று கொடுத்தான் என்று கேள்விப்பட்டு, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவன் மூக்கை உடைத்தாய். "கார்டுதானண்ணே குடுத்தேன்" என்று அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டானாம். அடுத்த வாரம் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டான். "ஒனுக்கோசரம்தான் பாப்பா அடிச்சேன்" என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னாய். உன் கைக்கு எப்போதும் ஒரு சாக்கு தேவைப்பட்டது. பாதி நேரம் அந்தச் சாக்கு நான்தான்.

அப்படிப்பட்ட உன்னை உட்கார வைத்துக் கதை கேட்க வைத்த ஒரே ஆள் அந்த வெள்ளைக்காரர். கார் கம்பெனிக்குப் புது இயந்திரம் நிறுவ வந்த இன்ஜினியர். நீ அவருக்கு டிரைவர். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவர் உனக்குத் தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்வாராம். கனடாவில், மேற்குக் கடலோரம். அங்கே ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், ஆள் உயரத்துக்குப் பாதி வளர்ந்து, எலும்பு வரை குளிர்கிற காலத்தில் அதே ஆற்றுக்குத் திரும்பி வருமாம். கோழி மயிரையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த தூண்டிலை வீசி அதைப் பிடிப்பார்களாம்.

"பாப்பா, அது பசிக்குக் கடிக்காதாம். ஆத்துல ஏறும்போது அதுக்குப் பசியே கெடையாதாம். மூஞ்சிக்கு நேரா வந்து இந்தப் பூச்சி ஆட்டிக்கினே இருந்தா கோவம் வந்து கடிக்குமாம்" என்று சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னபோது உன் கண் பளபளத்தது. "கோபத்துக்குக் கடிக்கிற மீன்!" என்றாய். உன் சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள்.

அவர் ஊருக்குத் திரும்பும்போது தன் தூண்டில் கோலையும், அதை வைக்கிற அலுமினியக் குழாயையும், கொஞ்சம் கொக்கிகளையும் உன்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மீனின் பங்காளி ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது, நீலகிரியில், வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்டது, டிரவுட் என்பார்கள், கடலுக்குப் போகாது, ஆனால் ரத்தம் அதே ரத்தம்தான் என்று. அதோடு நீ கெட்டாய். மார்கழி முடிந்து பொங்கல் லீவு வந்ததும் அவலாஞ்சிப் பக்கம் போவது என்று முடிவு செய்தாய். என்னையும் அழைத்துப் போவதாகச் சொன்னாய்.

நான் ஏன் உடனே தலையாட்டினேன் என்று உனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நான் அதுவரை ஓடுகிற ஆறு பார்த்ததில்லை. பாலாறு என்றால் எனக்கு மணல், மணல் லாரி, சண்டை. பைபிளில் யோர்தான் வரும்போதெல்லாம் என் மனதில் வாலாஜாபாத் பாலம்தான் வரும். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போகிற ஓர் ஆற்றை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. உனக்கு மீன், எனக்கு ஆறு.

நாம் போட்ட திட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். ஸ்வெட்டர் வேண்டும் என்று தாம்பரம் பிளாட்பாரத்தில் வாங்கினோம். உனக்கு வாங்கினது உன் தோளுக்குள் நுழையாமல் கிழிந்தது, கடைக்காரனை அடிக்கப் போனாய், நான் இழுத்து வந்தேன். எனக்கு லீவு கிடைக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் ஓ.டி. பார்த்தேன். நீ வற்றிக் கிடந்த ஏரியில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டு, அதில் தூண்டில் நூலை வீசிப் பழகினாய். மாடு மேய்க்கிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாள் காற்று அடித்து, கொக்கி போய்ப் பக்கத்தில் காம்பவுண்டு கட்டிக்கொண்டிருந்த கம்பெனியின் வாட்ச்மேன் தொப்பியில் மாட்டியது. அவர் உன் தாயை இழுத்துத் திட்டினார். நீ கோலைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவரை அடித்தாய். மீன் பிடிக்கப் பழகப்போன இடத்தில் முதலில் பிடித்தது ஒரு மனிதரை.

பூச்சி கட்டுவது என் வேலை. செல்போன் கம்பெனி லைனில் நாள் முழுக்கக் கடுகு மாதிரி திருகாணிகளை ட்வீசரால் எடுத்து வைக்கிற கை இது. கொக்கியை மரக்கட்டையில் சொருகி, நூல் சுற்றி, மயிரை முறுக்கி, ஒரு சின்னப் பூச்சியைச் செய்துவிடுவேன். நீ எதிரில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பார்ப்பாய். பிரச்சினை மயிரில்தான் வந்தது. பிராய்லர் கடையில் வாங்கி வந்த இறகில் கட்டினால், வாளித் தண்ணீரில் போட்டதும் ஊறிப்போய் மூழ்கிவிடும். "சேவலோட கழுத்து மயிர்தான் வேணும்னு சார் சொன்னாரு. வயசான சேவல். வெறைப்பா, பளபளன்னு இருக்கணும். அப்பதான் பூச்சி தண்ணி மேலயே நிக்கும்" என்றாய். அந்த மாதிரி மயிர் உள்ள சேவல் எங்கே இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

தண்ணி லாரி வேலு. கம்பெனிகளுக்கெல்லாம் தண்ணீர் சப்ளை, பத்துப் பையன்கள் சுற்றிலும், சாராயக் கண். பொங்கல் சேவல் சண்டைக்கு என்று அவன் வளர்த்த செங்கறுப்புச் சேவல் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தோற்றதில்லை. அதற்குப் பாதாம் பருப்பு போடுவான், பெற்ற பிள்ளைக்கு வேப்பங்காய் கொடுப்பான் என்று பேசிக்கொள்வார்கள். சண்டைக்கு விடுகிற சேவலின் கழுத்து மயிரில் வேற்று ஆள் கை வைத்தால் அது களத்தில் இறங்காது, இறங்கினால் அந்த வருஷம் வீட்டுக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அது உனக்கும் தெரியும்.

நீ திருடப் போகவில்லை. அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. நேராகப் போய்த்தான் கேட்டாய். "சண்டை முடிஞ்சப்புறம் கொஞ்சம் கழுத்து மயிர் குடுண்ணா, காசு தரேன்" என்று கேட்டிருக்கிறாய். வேலு சிரித்திருக்கிறான். "மயிருதானே? ஒந்தங்கச்சிய வந்து கேக்கச் சொல்லு, தரேன்" என்று சொல்லிவிட்டான். கூட இருந்த பையன்களும் சிரித்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான். வேலுவின் முன்பற்கள் உன் முட்டியில் பதிந்த தழும்பு கடைசி வரைக்கும் உன் கையில் இருந்தது. தடுக்க வந்த ஒருவனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக அமுக்கியிருக்கிறாய். இன்னொருவனுக்குக் கை உடைந்தது. அத்தோடு வந்திருக்கலாம். வேலு ரத்த வாயோடு தரையில் கிடந்து பார்த்துக்கொண்டிருக்க, கூண்டைத் திறந்து அந்தச் சேவலைத் தொடையில் இடுக்கிக்கொண்டு கழுத்தை மொட்டையாகப் பிடுங்கினாய். அது கத்தின கத்து ரோடு வரைக்கும் கேட்டதாம். பை நிறைய மயிரோடு வீட்டுக்குள் நுழைந்தாய். நுனியில் எல்லாம் ரத்தம் காயாமல் இருந்தது. "இந்தா பாப்பா, பூச்சி கட்டு" என்றாய்.

நான் பையைத் தூக்கி உன் முகத்தில் அடித்தேன். ஞாபகம் இருக்கிறதா? வீடு முழுக்க மயிர் பறந்தது. "அவன் ஒன்னப் பத்திப் பேசினான்" என்றாய். "பேசினா நான் கேட்டுக்குறேன். எனுக்குக் கை இல்ல? வாய் இல்ல? எம்பேரச் சொல்லி ஊர அடிக்காத" என்று கத்தினேன். அம்மா குனிந்து மயிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே வேலு சொல்லி அனுப்பினான். "எஞ்சேவலுக்கு அவன் பண்ணத வாரச்சந்தையில வச்சி அவனுக்குப் பண்றேன். மொட்ட அடிக்காத விட மாட்டேன்." சவரக் கத்தி தலையோடு நிற்குமா, கழுத்துக்கு இறங்குமா என்பதை அவன் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அப்போது அரிவாள் எடுப்பது டீ குடிப்பது போல் ஆகிவிட்டிருந்தது. நிலம், லாரி, ஸ்கிராப் என்று ஏதோ ஒன்றுக்காக மாதத்துக்கு ஒருவனை ரோட்டோரத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை மீனுக்காகப் போட்ட திட்டம் அன்றிலிருந்து உன் உயிருக்கான திட்டமாகிவிட்டது. பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்பு என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பயந்துகினு ஓடறதுக்கா மீன் புடிக்கப் போறோம்? லீவு என்னிக்கோ அன்னிக்குத்தான் போவணும்" என்றாய். வெளியே வேலுவின் பையன்கள் பைக்கில் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் செங்கறுப்பு மயிரில் பூச்சி கட்டினேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு அழகான பூச்சி அதற்கு முன்னும் கட்டியதில்லை, பின்னும் கட்டியதில்லை. தண்ணீரில் போட்டால் உயிருள்ளது மாதிரி நின்றது.

கிளம்பிய அன்று நல்ல பனி. ஒரகடம் கூட்டு ரோட்டில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக நின்றோம். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஷிப்டுக்குப் போகிறவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். ஒரு சுமோ வந்து நம் முன்னால் நின்றது. வேலு முதலில் இறங்கினான். வாயில் இன்னும் வீக்கம் வடியவில்லை. நிறைய பேர் இறங்கினார்கள்.

நீ சண்டை போடுவதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதுவரை கேள்விப்பட்டதுதான். பார்க்க நன்றாக இல்லை, அண்ணா. முதல் ஆளின் காதுக்குக் கீழே குத்தினாய், அவன் மூட்டை மாதிரி விழுந்தான். இன்னொருவனின் தலையைச் சுமோவின் கதவுக்குள் வைத்து அடித்தாய். பின்னால் இருந்து ஒருவன் சைக்கிள் செயினால் உன் முதுகில் போட்டான். தாம்பரம் ஸ்வெட்டர் கிழிந்து, அதனடியில் தோலும் கிழிந்தது. முழங்காலுக்குப் பின்னால் கட்டையால் அடித்ததும் நீ விழுந்தாய். அப்புறம் எல்லோரும் உன்மேல் உட்கார்ந்தார்கள். சுற்றி நின்ற ஷிப்டு ஆட்கள் ஒருவர்கூட அசையவில்லை. வேலு மடியிலிருந்து சவரக் கத்தியை எடுத்தான். தண்ணீர்கூடத் தொடாமல் வறட்டுத் தலையில் வைத்து இழுத்தான். நெற்றியிலிருந்து உச்சி வரை மயிரும் ரத்தமும் சேர்ந்து வந்தது. நீ கத்தவில்லை. அவன்தான் அழுகிற மாதிரி கத்திக்கொண்டே இழுத்தான். "என் சேவலு! என் சேவலு!"

பாதித் தலை ஆகியிருந்தது. தூண்டில் கோல் வைத்த அலுமினியக் குழாய் என் கையில் இருந்தது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்து வேலுவின் காதோடு சேர்த்து ஓங்கி அடித்தேன். ஏதோ பிய்ந்தது. அவன் சாய்ந்தான். நான் நிறுத்தவில்லை. விழுந்தவனை மறுபடி அடித்தேன், மறுபடி அடித்தேன். கார்டு கொடுத்த பையனுக்காக, பறந்த மயிருக்காக, எனக்கு யாரும் கேட்காமலே செய்த எல்லாவற்றுக்காகவும் அடித்தேன். பொம்பளை ஒருத்தி இப்படி அடிப்பதைப் பார்த்து உன்மேல் உட்கார்ந்திருந்தவர்களே எழுந்து ஒதுங்கிவிட்டார்கள். நீதான் எழுந்து வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டித் தூக்கினாய். "வுடு பாப்பா. செத்துருவான். வுடு" என்றாய். உன் குரலில் பயம் இருந்தது. எனக்காக நீ பயந்து நான் அன்றுதான் கேட்டேன்.

பஸ் வந்தது. கண்டக்டர் உன் தலையையும் என் கையையும் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் தையல் போட்டுக்கொண்டு, சேலம், கோயம்புத்தூர் என்று மாறி மாறிப் போனோம். பாதித் தலை மொட்டையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு, நீ வழி முழுக்க ஜன்னலோரமாகவே உட்கார்ந்து வந்தாய். போகிற இடமெல்லாம் பிள்ளைகள் உன்னைப் பார்த்துச் சிரித்தன. நீ ஒருவரையும் அடிக்கவில்லை.

ஊட்டியில் மீன்துறை ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டு, எஸ்.டி.டி. பூத்தில் நம் தெருவில் போன் இருக்கிற வீட்டுக்குப் போன் போட்டாய். நான் வெளியே கை தேய்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "வூட்ல எல்லாம் நல்லாக்கீறாங்க" என்றாய். நானும் நம்பினேன்.

ஆற்றைப் பார்த்தேன், அண்ணா. அதை நீ காட்டினாய் என்பதை மட்டும் எப்போதும் சொல்லிவிடுவேன். புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாய்க் கிடந்தது. கறுப்புப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் அவ்வளவு சத்தத்தோடு, யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் கால் வைத்தேன். வெட்டின மாதிரி வலித்தது. அழுதேன். நீ பார்க்காத மாதிரி கோலைப் பூட்டிக்கொண்டிருந்தாய். நான் வேலுவின் தலையில் அடித்ததில் கோலின் நுனித் துண்டு ஒடிந்திருந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டே வீசினாய். முதல் நாள் முழுக்க ஒன்றுமில்லை. மறுநாள் காலை, ஒரே பாறைக்குப் பின்னால், ஒரே இடத்தில், விடாமல் வீசிக்கொண்டே இருந்தாய். எத்தனையாவது முறையோ, தண்ணீர் வெடித்தது.

அது ஒன்றும் ஆள் உயரத்துக்குப் பாதி இல்லை, முழங்கை நீளம்தான். ஆனால் அது போட்ட சண்டை! துள்ளியது, பாறைக்கு அடியில் ஓடியது, வாயைக் கிழித்துக்கொண்டாவது போய்விடலாம் என்று தலையை உதறியது. ஒடிந்த கோலோடு நீ இடுப்பளவு தண்ணீரில் வழுக்கி விழுந்து எழுந்தாய். தையல் பிரிந்து நெற்றியில் ரத்தம் வந்தது. கடைசியில் அதைக் கையில் ஏந்தினாய். விலாவில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. வாயோரம் நான் கட்டிய பூச்சி. நான் கல் ஒன்றை எடுத்து நீட்டினேன்; மீனை மண்டையில் அடித்துத்தானே கொல்ல வேண்டும்? நீ வாங்கவில்லை. கொக்கியை மெதுவாகக் கழற்றினாய். தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டே நின்றாய். அது மூச்சு வாங்கி, வாலை ஆட்டி, போய்விட்டது.

"பைத்தியமா ஒனுக்கு? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று கத்தினேன்.

"அது இன்னா தப்பு பண்ணுச்சு? சும்மா கெடந்துச்சு. நாமதான் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கினே இருந்தோம்" என்றாய்.

திரும்பி வரும்போது, கோயம்புத்தூர் தாண்டின பிறகுதான் போனில் கேட்டதைச் சொன்னாய். வேலுவின் பையன்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மாவின் ஆட்டை வாசலிலேயே கழுத்தை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். வேலு போலீசுக்குப் போகவில்லை. பொண்ணு அடித்தாள் என்று ஸ்டேஷனில் எப்படிச் சொல்வான்? அவனுக்கு இனி நீ வேண்டாம். நான்தான் வேண்டும். "பையன வுட்டுட்டோம், பொண்ண அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"வரட்டும்" என்றேன். நிஜமாகவே எனக்குப் பயம் இல்லை. கை துறுதுறுத்தது.

"வர மாட்டாங்க" என்றாய். துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாய்.

நீ செய்தது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் காலைக் கட்டிக்கொண்டாவது தடுத்திருப்பேன். வாரச்சந்தை அன்று நீ தனியாகப் போனாய். கருவாட்டுக்காரி ஓடி வந்து சொல்லித்தான் நான் போனேன். சந்தை நடுவில், புளியமரத்தடியில், நாவிதர் உட்காருகிற பலகையில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். வேலு காதில் கட்டோடு எதிரில் நின்றான். ஊரே சுற்றி நின்றது. அடுப்பில் வைத்த கடலை வெடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"பாதிதான் எடுத்த. மீதியும் எடுத்துக்கோ. இதோட முடிஞ்சிச்சி. எந்தங்கச்சி பேரு இனிமே ஒங்க யார் வாயிலயும் வரக் கூடாது" என்றாய்.

கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. தலையைக் குனிந்தாய். எந்தக் கோயில் உபதேசியாருக்கும், எந்த சூப்பர்வைசருக்கும் குனியாத தலை. வேலு கத்தியை எடுத்தான். ஓரிடத்தில் வெட்டிக்கூட விட்டான். "பாத்து எடுப்பா, கோணலாப் போவுது" என்றாய் நீ. ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி மயிரும் விழுந்ததும் எழுந்து, தோளைத் தட்டிக்கொண்டு, கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாய். நான் பின்னால் வந்தேன். மொட்டைத் தலையில் வெயில் பட்டு மின்னியது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வேலுவை அன்றே கொன்றுவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு என் பக்கம் யாரும் திரும்பவில்லை. நீயும் யாரையும் அடிக்கவில்லை. உனக்கு முடி வளர்ந்தது. அடுத்த மார்கழி வந்ததும் மறுபடி ஆற்றுப் பேச்சை எடுத்தாய். அப்போதுதான் டீக்கடைக்காரர் மூலம் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் செங்கறுப்பு மயிர். பிடுங்கினது இல்லை, தானாக உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது. "வேலு குடுக்கச் சொல்லிச்சி" என்றார் அவர். உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கட்டு பாப்பா" என்றாய். "அவன் கை பட்டத நான் தொட மாட்டேன்" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. பொட்டலத்தைப் பரணில் வைத்தாய். பொங்கலுக்குள் மனசு மாறுவேன் என்று நினைத்திருப்பாய்.

பொங்கல் வரை நீ உயிரோடு இல்லை. ஒரகடம் ரோட்டில் விளக்கு போடாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரு கன்டெய்னர். உன் பைக். இவ்வளவு பேரோடு சண்டை போட்டவனை நின்றுகொண்டிருந்த ஒன்று கொன்றுவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் யாரையாவது அறைய வேண்டும் போல் இருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். மண் போடுவதற்காகக் குனிந்தபோது கேட்டுக்கு வெளியே வேலு நிற்பதைப் பார்த்தேன். செருப்பு இல்லை. தோளில் துண்டு. நான் பிய்த்த காது மடங்கி ஒட்டியிருந்தது. தலை மொட்டை. அன்று காலையில் எடுத்தது. தோல் பச்சையாகத் தெரிந்தது. குவியலிலிருந்து ஒரு கட்டி மண்ணை எடுத்தேன். செம்மண் கட்டி, கல் மாதிரி இறுகினது. நேராக அவன் முன்னால் போய் நின்றேன்.

"எங்க வேதத்துல சாவுக்கு மொட்ட எடுக்க மாட்டோம்" என்றேன்.

"நாங்க எடுப்போம்மா" என்றான். "அவனுக்கு அப்பன் இல்ல. தம்பி இல்ல. அந்தத் தலையில கத்தி வச்சவன் நான் ஒருத்தன்தான். வேற யாரு எடுப்பா?"

என் கை ஓங்கித்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். நகரவில்லை. தலையைக் குனிந்து நின்றான், சந்தையில் நீ குனிந்த மாதிரியே.

"வெளிய நின்னுகினு இன்னாத்துக்கு?" என்றேன். "உள்ள வந்து மண்ணு போடு."

அவன் எனக்கு முன்னால் நடந்து போய் உனக்கு மண் போட்டான். அவனை அடிக்க எடுத்த கட்டியை நான் கையாலேயே நொறுக்கினேன். நொறுங்க நேரமாயிற்று. நொறுங்கினதை உன்மேல் போட்டேன்.

வேலுவை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. உன்னையும்தான். கை இன்றைக்கும் ஓங்குகிறது. இறக்கத்தான் அன்று கற்றுக்கொண்டேன், ஒவ்வொரு முறையும் நேரமாகிறது.